இரண்டு கிளினிக்குகளுக்கு நடுவே: புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த ஒரு தோட்டத்து இளைஞருக்குக் கைபேசி வழி உளத்துணை

இந்த நிகழ்வு ஆய்வில் வருபவருக்கு வயது 23. நுவரெலியா மாவட்டத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். ஓ.எல் முடித்துவிட்டுக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். கழுத்தில் கட்டி வந்து, அது ஹொட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று உறுதியாகி, மருந்து ஏற்றத் தொடங்கியதும் தோட்டத்துக்கே திரும்பிவிட்டார். நான் அவருக்கு உளவளத்துணை கொடுத்தேன், பெரும்பகுதி போன் வழியாக. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன், சிலவற்றை விட்டுவிட்டேன். இங்கே அவரைத் தம்பி என்றே சொல்கிறேன், பேசும்போதும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் முதலில் என்னை மிஸ் என்றார், பிறகு அக்கா ஆகிவிட்டேன்.

நோயாளிக்குச் சமாளிக்கும் திறனைக் கற்றுக்கொடுக்கிறோம் என்று நாம் தொடங்குவது பல நேரம் 'பொறுத்துக்கொள்' என்று சொல்வதில் போய் முடிகிறது. தம்பியின் விஷயத்தில் அதற்கு முன் வேறொரு வேலை இருந்தது. அவர் படும் கஷ்டத்தில் மருந்தாலோ ஓர் ஏற்பாட்டாலோ தீரக்கூடியது எது, தீராமல் கூடவே வரப்போவது எது என்று பிரிக்க வேண்டியிருந்தது. தீரக்கூடியதை அதற்குரியவர்களிடம் அனுப்பிவிட்டு, மிச்சத்துக்குத்தான் பயிற்சி. அந்தப் பிரிப்புக்குப் போன் பெரிய உதவி. கிளினிக்கில் டொக்டர் அவரைப் பார்ப்பது சில நிமிடம். கஷ்டமெல்லாம் அடுத்த கிளினிக் வரைக்கும் லயத்துக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குள், நடக்கிறது.

நோயும் வழியும்

கொழும்பில் இருந்தபோதே உடம்பு மெலிந்தது. கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார். இரவில் சட்டை நனைய வியர்த்தது. கொழும்புச் சூட்டில் யாருக்குத்தான் வியர்க்காது என்று விட்டுவிட்டார். கழுத்தில் கட்டி தட்டுப்பட்ட பிறகும் வலி இல்லாததால் மாதக்கணக்கில் போனது. வலியில்லாத கழலை, காய்ச்சல், இராவியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, இவைதான் ஹொட்ஜ்கின் லிம்போமாவின் அடையாளங்கள். எங்கள் பக்கம் கழுத்துக் கழலை என்றதும் முதலில் காசநோயைச் சந்தேகிப்பார்கள், சந்தேகிக்க வேண்டியதும்தான். அந்தப் பரிசோதனைகள் முடிந்து, கழலையை வெட்டியெடுத்துப் பார்த்த பயொப்சியில் விஷயம் தெரிந்தது.

கொடுக்கப்பட்ட சிகிச்சை ஏ.பி.வி.டி. டொக்ஸோரூபிசின், பிளியோமைசின், வின்பிளாஸ்டின், டகார்பசின் என்று நான்கு மருந்துகள். 28 நாள் ஒரு சுற்று, சுற்றுக்கு இரண்டு தரம் மருந்து, ஆக 14 நாளுக்கு ஒரு தரம். ஆறு சுற்று என்றால் 12 தரம், கிட்டத்தட்ட ஆறு மாதம். நன்றாகக் குணமாகக்கூடிய புற்றுநோய்களில் இது ஒன்று, இளம் வயதில் இன்னும் நம்பிக்கையோடு சொல்லலாம். டொக்டரும் அதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

மலையகத்து ஆள்களுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை என்றால் கண்டி, பதுளை, இல்லாவிட்டால் மஹரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரி. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு கேட்பதில்லை. போய்வருவதுதான் பாடு. தம்பி விடியுமுன் எழுந்து, த்ரீவீலில் ஹட்டனுக்கு வந்து, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் இறங்கிக் கண்டிக்குப் போவார். அம்மா கூடப் போனால் அன்றைய பேர் (வேலை நாள் பதிவு) இல்லை, சம்பளமும் இல்லை. திரும்பி வரும்போது இருட்டிவிடும்.

மொழியையும் இங்கேயே சொல்லவேண்டும். தம்பிக்குக் கடையில் பழகிய சிங்களம் நன்றாக வரும். அம்மாவுக்கு வராது. நோய் என்ன என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னவர் தம்பியேதான். "ஒரு மாதிரிக் கட்டி, மருந்து ஏத்துனா கரைஞ்சிரும்" என்று சொன்னாராம். தனக்கு வந்திருப்பது இன்னதென்று அவரே அப்போதுதான் கேட்கிறார், கேட்ட கையோடு அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் குறைத்துச் சொல்கிறார். அந்தப் பொய்யை ஆறு மாதம் காப்பாற்ற வேண்டிய பொறுப்பும் அன்றைக்கே அவர் தலையில் ஏறிவிட்டது. இருபத்து மூன்று வயதுப் பிள்ளையிடம் அந்த வேலையை விட்டிருக்கக்கூடாது. தமிழ் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்திருக்க வேண்டும்.

முதல் மதிப்பீடு

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகம் 15 முதல் 39 வயது வரை உள்ளவர்களைத் தனிக் கூட்டமாகக் கணக்கெடுக்கிறது. சிறுவர் வோர்ட்டிலும் சேராமல், பேரன் பேத்தி எடுத்தவர்களோடும் சேராமல் நிற்கிற வயது. படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் தொடங்குகிற நேரத்தில் நோய் வந்து குறுக்கே விழுகிறது. தம்பி வோர்ட்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களையெல்லாம் மாமா, தாத்தா என்றுதான் கூப்பிட்டார். தன் வயதில் ஒருவரைக்கூட அங்கே பார்க்கவில்லை என்றார்.

மன அழுத்தத்தை 0 முதல் 10 வரை காட்டச் சொல்லும் எளிய அளவுகோலில் அவர் சொன்னது 8. 4 அல்லது அதற்கு மேல் வந்தாலே கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். மனச்சோர்வை மதிப்பிடும் ஒன்பது கேள்விப் படிவத்திலும் எல்லையைத் தாண்டியிருந்தார். ஒன்பதாவது கேள்வியை, அதாவது செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பு வருகிறதா என்பதை, சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"சாகணும்னு இல்ல மிஸ். நான் இல்லாட்டி வீட்டுக்கு இந்தச் செலவு இல்லையேன்னு தோணும்."

இந்தப் பதிலை லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. மேலும் கேட்டதில் திட்டம் எதுவும் இல்லை என்று தெரிந்தது. இருந்தாலும் மரக்கறிப் பாத்திக்கு வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்துப் போத்தலை அன்றைக்கே மாமா வீட்டுக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தோம். மனநல டொக்டரிடம் அனுப்பினோம். இரவில் மனசு தாங்கவில்லை என்றால் 1926க்கு எடுக்கலாம், அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் என்று சொல்லிப் போனில் பதிந்துகொடுத்தேன். நான் எல்லா நேரமும் போனில் இருக்க மாட்டேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். தூரத்திலிருந்து உதவுகிறவர் முதல் நாளே சொல்லிவிட வேண்டிய விஷயம் அது.

அவருடைய கஷ்டங்களை அவர் வாயால் வந்த வரிசையில் எழுதுகிறேன். மருந்து ஏற்றும் நாளுக்கு முதல் நாளே குமட்டுகிறது. தூக்கம் இல்லை. ஒரு நாள் நன்றாக இருந்தால் இரண்டு நாள் எழும்ப முடியவில்லை. வீட்டுக்குப் பாரமாக இருக்கிறேன். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியக்கூடாது. கடைசியாகச் சொன்னதில் வீடே ஒன்றாக நின்றது. லயத்தில் அடுத்த காம்பராவுக்கு (அறைக்கு) 'கழுத்துல சின்ன ஆபரேஷன்' என்றுதான் சொல்லியிருந்தார்கள். தங்கச்சிக்கு நாளை வரன் பார்க்க வேண்டுமே என்பது அப்பாவின் கவலை.

எந்தப் போன், யாருடைய போன்

வலியோடும் களைப்போடும் வாழும் திறன்களைப் பயிற்சியாகக் கொடுப்பது புதிய விஷயம் இல்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ் கீஃபும் அவரோடு வேலை செய்தவர்களும் வலியைச் சமாளிக்கும் பயிற்சியைப் பல வருடமாக வளர்த்திருக்கிறார்கள். உடம்பைத் தளர்த்துவது, வேலையையும் ஓய்வையும் மாற்றி மாற்றி வைப்பது, மனசுக்குப் பிடித்ததைத் திட்டமிட்டுச் செய்வது, நினைப்புகளைச் சோதித்துப் பார்ப்பது, மனக்காட்சி, பிரச்சினை தீர்ப்பது எல்லாம் அதில் உண்டு. அதே இடத்தில் பிறகு இதை வீடியோ அழைப்பு, கைபேசிச் செயலி வழியாகப் புற்றுநோயாளருக்கும், அதில் இளம் வயதினருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். நான் எடுத்துக்கொண்ட சட்டகம் இதுதான்.

ஆனால் அந்தச் சட்டகம் ஒரு ஆளுக்கு ஒரு போன், ஒரு அறை, நின்றுபோகாத இணையம் என்று எடுத்துக்கொண்டு போகிறது. தம்பியின் போன் கண்ணாடி வெடித்தது. சாயந்தரமானால் அது தங்கச்சி கைக்குப் போய்விடும், ஏ.எல் பாடக் குறிப்புகள் வட்ஸ்அப்பில் வருகின்றன. காம்பராவுக்குள் கவரேஜ் ஒரு கோடு வரும், போகும். மேற்கணக்கு (தோட்டத்தின் மேல் பிரிவு) கோயில் பக்கம் ஏறினால்தான் ஒழுங்காகக் கிடைக்கும். ரீலோட் (போனில் போடும் காசு) தீர்ந்தால் அடுத்த சம்பளம் வரை பொறுக்க வேண்டும். மனசை அமைதிப்படுத்தும் ஆங்கிலச் செயலி ஒன்றை ஒரு நண்பர் போட்டுக்கொடுத்திருந்தார். அது ஈமெயில் கேட்டது, அடிக்கடி புதுப்பிக்கச் சொன்னது, கடற்கரை அலைச் சத்தம் வைத்தது. போனில் இடம் இல்லாமல் அழித்துவிட்டார்.

சரி, வீடியோவும் வேண்டாம், செயலியும் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். சில நிமிடம் ஓடக்கூடிய குரல் பதிவுகளை நான் வீட்டில் பேசுகிற தமிழிலேயே பதிந்து அனுப்பினேன். கோயில் பக்கம் போகும்போது இறக்கி, சிப்பில் போட்டுக்கொள்வார். கோப்புகளுக்குப் 'பாடம் 1', 'பாடம் 2' என்று பெயர், யார் பார்த்தாலும் சந்தேகம் வராது. ரீலோட் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். வாரத்துக்கு ஒரு தரம் நேரம் பேசி வைத்துக் கூப்பிடுவேன். தேயிலை ரோட்டில் நடந்தபடி பேசுவார், வீட்டுக்குள் நின்று பேசமாட்டார்.

இதோடு நான்கு எண்கள். தினமும் படுக்குமுன் குமட்டல், களைப்பு, மனசு (அதாவது மனக்கஷ்டம்) மூன்றுக்கும் 0 முதல் 10 வரை ஒவ்வொரு எண்ணும், முந்தின நாள் இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று நான்காவது எண்ணும். "6 7 8 3" என்று ஒரு எஸ்.எம்.எஸ். டேட்டா வேண்டாம், தங்கச்சி பார்த்தாலும் புரியாது. எனக்கோ அந்த நான்கு எண்களில் ஒரு நாள் முழுக்கத் தெரியும்.

தீரக்கூடியவை

எண்களை வரிசையாக எழுதிப் பார்த்ததும் ஒன்று கண்ணில் பட்டது. தூக்கம் எல்லா நாளும் கெடவில்லை. மருந்து ஏற்றிய இரவும் அதற்கடுத்த இரண்டு இரவும்தான் இரண்டு மணி, மூன்று மணி என்று வந்தது. பிறகு தானாகச் சரியாகிவிட்டது. பயத்தால் வரும் தூக்கமின்மை நாட்காட்டி பார்த்து வராது. என்னென்ன மாத்திரை, எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டேன். வாந்தியைத் தடுக்கக் கொடுத்த டெக்ஸாமெதசோனை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வந்து இறங்கும் நேரம் அதுதானே. அது தூக்கத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து. கிளினிக் தாதியிடம் கேட்கச் சொல்லி, கேள்வியைக் கொப்பியில் எழுதியும் கொடுத்தேன். டொக்டர் காலையிலேயே போடும்படி மாற்றிக்கொடுத்தார். இரவுகள் திருந்தின.

இன்னொன்று கேட்டுச் சங்கடமாகிவிட்டது. வாந்தியைத் தடுக்கும் ஒண்டன்செட்ரோன் மாத்திரைகளைத் தம்பி சேமித்துக்கொண்டிருந்தார். "ரொம்ப முடியாத நாளைக்கு வச்சிருக்கேன் அக்கா. முடிஞ்சிட்டா வெளிய வாங்கணும்ல." வாந்தி வந்த பிறகு போடுவதைவிட வருமுன் போடுவதில்தான் அந்த மாத்திரைக்குப் பலன், ஆஸ்பத்திரியில் சொன்ன நேரத்துக்கே போட வேண்டும், குறைந்தால் அங்கேயே கேட்டு வாங்கலாம் என்று விளக்கினேன். அது மலச்சிக்கல் கொடுக்கும் என்பதையும் அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வயிறு இறுகியதும் நோய் வயிற்றுக்கு இறங்கிவிட்டது என்று பயந்து, அதையும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்.

இவற்றில் உளவியல் என்று ஒன்றும் இல்லை. ஆனால் இவற்றைக் கேட்காமல் தளர்வுப் பயிற்சியை அனுப்பியிருந்தால், மாத்திரை போடாத வாந்தியை மூச்சுப் பயிற்சியால் தாங்கச் சொன்னதாகத்தான் ஆகியிருக்கும்.

போகுமுன் வரும் குமட்டல்

மாத்திரைகள் ஒழுங்கான பிறகும் ஒரு எண் இறங்கவில்லை. மருந்து ஏற்றும் நாளுக்கு முதல் நாள் சாயந்தரமே குமட்டல் 7 என்று வரும். கிளினிக் கொப்பியைப் பையில் வைக்கும்போது தொடங்கி, கினிகத்தேனை வளைவுகளில் கூடி, ஆஸ்பத்திரி வராந்தாவின் மருந்து வாசனையில் வாந்தியாகவே வந்துவிடும். டொக்ஸோரூபிசின் சிவப்பு மருந்து, ஏற்றிய பிறகு சிறுநீரும் கொஞ்ச நேரம் சிவப்பாகப் போகும். ஒரு நாள் தங்கச்சி கிளாஸில் நெக்டோ என்ற சிவப்புச் சோடா ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறாள். பார்த்த உடனே எழுந்து பின்பக்கம் ஓடியிருக்கிறார். சின்ன வயதிலிருந்து தீபாவளிக்கு அவர் கேட்டு வாங்கிக் குடித்த பானம் அது.

"நான் பயந்தவன் இல்ல அக்கா. ஊசியெல்லாம் பாத்துக்கிட்டே குத்திக்குவேன். இது ஏன்னு தெரியல."

ஒரே பாதை, ஒரே வாசனை, ஒரே நிறம், அதன் பின் வாந்தி. பதினான்கு நாளுக்கு ஒரு தரம் இப்படியே நடந்தால் மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. பிறகு மருந்து உள்ளே போகாமலே, அடையாளத்தைக் கண்டதும் வயிறு புரளும். தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முடிச்சு விழுந்த பிறகு வழக்கமான வாந்தி மாத்திரைகள் இதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. பழக்கத்தால் வந்ததைப் பழக்கத்தால்தான் தளர்த்த வேண்டும். உடம்பைத் தளர்த்திய நிலையில் அந்த அடையாளங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மனசுக்குள் கொண்டுவரும் முறை இந்தக் குமட்டலைக் குறைக்கிறது என்று மொரோவும் மொரெலும் 1982இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் காட்டினார்கள். இதைத் தம்பிக்குச் சொன்னபோது அவர் குரலே மாறியது. தனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று தெரிந்ததே அவருக்குப் பாதி மருந்து.

தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சி எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் வளர்த்தது. முழுமையாகச் செய்தால் நேரம் பிடிக்கும், ஆகவே சுருக்கினேன். கை, தோள், முகம், வயிறு, கால், அவ்வளவுதான். இரண்டு மாற்றங்கள் செய்தோம். மருந்து ஏற்றி நரம்பு புண்ணாகியிருந்த கையை இறுக்கவே வேண்டாம் என்றேன். மூச்சை இழுத்து அடக்குவதையும் விட்டோம். பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. மூச்சு முட்டினால் அதைப் 'பயிற்சி சரியா வரல' என்று அவர் எடுத்துக்கொண்டு இருந்துவிடக்கூடாது. புதிதாக இருமலோ மூச்சு வாங்குவதோ வந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் டொக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பதிவின் முதல் வாக்கியமாகவே வைத்தேன்.

எங்கே செய்வது? இரண்டு காம்பராவில் ஐந்து பேர். ஒருவர் புரண்டு படுத்தால் மற்றவருக்குத் தெரியும். இரவில் எல்லாரும் படுத்த பிறகு, கம்பளிக்குள் ஹேண்ட்ஸ்ப்ரீ மாட்டிக்கொண்டு செய்தார். முதல் நாட்களில் பாதியிலேயே தூங்கிவிட்டார். அதைக் குறை என்று நான் எண்ணவில்லை.

மனக்காட்சிக்குக் கடற்கரை சரிவரவில்லை. உங்களுக்கு உடம்பு லேசான ஓர் இடம் சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பீலி என்றார். தோட்டத்துக்கு மேலே கல்லிடுக்கிலிருந்து வரும் பீலி, வேலை விட்டு வந்து பையன்கள் குளிக்கிற இடம். "தண்ணி முதுகுல விழுந்த உடனே மூச்சு நின்னுரும் அக்கா. அப்புறம் பாத்தா சூடா இருக்கும். ஈரக் கல்லு வாசம் வரும்." அவருடைய சொற்களையே வைத்து அந்தப் பதிவைச் செய்தேன். பிறகு படி படியாக ஏறினோம். பீலியில் நின்றபடி கிளினிக் கொப்பியை நினைப்பது. அது பழகியதும் பை கட்டுவது. அடுத்து த்ரீவீல் சத்தம், பஸ், வளைவுகள், வராந்தா. குமட்டல் எண் ஏறினால் ஒரு படி இறங்கிவிட வேண்டும் என்பது பேச்சு. அவசரப்பட்டு ஏறியபோதெல்லாம் அடுத்த நாள் எண் காட்டிக்கொடுத்தது.

சிவப்புக்கு வேறு வழி செய்தோம். மருந்து ஏற்றும்போது அதை ஒரு துணியால் மறைக்க முடியுமா என்று தாதியிடம் அவரே சிங்களத்தில் கேட்டார். அவர் உடனே ஒரு பச்சைத் துணியைப் போட்டு மறைத்தார், அடுத்த தடவைகளில் கேட்காமலே செய்தார். அந்தத் தாதிக்கு நான் மனசார நன்றி சொல்கிறேன்.

கடைசிச் சுற்றுகளில் முதல் நாள் சாயந்தரக் குமட்டல் 3க்கும் 4க்கும் நடுவே வந்தது. வராந்தாவில் வாந்தி நின்றது. வாசனை மட்டும் கடைசி வரை அவரைத் தொந்தரவு செய்தது.

களைப்பும் பாரமும்

களைப்பு எண் 3, 3, அப்புறம் 9, 9 என்று குதித்தது. நல்ல நாள் ஒன்று கிடைத்தால் விறகு பிளப்பார், தண்ணீர்க் குடம் தூக்குவார், கூரைத் தகரத்தைத் திருத்துவார். சும்மா இருந்ததற்கு ஈடுகட்டுகிறாராம். பிறகு இரண்டு நாள் படுக்கை. களைத்த பிறகு உட்காராதீர்கள், களைக்குமுன் உட்காருங்கள் என்பதுதான் இங்கே பாடம். சொல்வது சுலபம். இருபது நிமிடம் வேலை, பத்து நிமிடம் உட்காருவது என்று போனில் அலாரம் வைத்தோம். படுத்தே கிடப்பதும் களைப்பைக் கூட்டும், ஆகவே நடை. எங்கள் மலையில் எங்கே திரும்பினாலும் ஏற்றம், அதனால் சமமாகப் போகிற தேயிலை ரோட்டைத் தேர்ந்தெடுத்தோம்.

உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை ஒன்றை அவரே கண்டுபிடித்தார். லயத்து ஆள்களுக்கு ரீலோட் போட்டுக்கொடுப்பது, ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) படிவம் நிரப்பிக்கொடுப்பது. கிடைப்பது சொற்பம். ஆனால் ஆள்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

பாரம் என்ற நினைப்பு அவ்வளவு சுலபமாக அசையவில்லை. "எல்லாரும் பெரட்டுக்குப் போற நேரத்துல நான் படுத்துக் கெடக்குறேன்" என்பார். பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுவது. நல்லதையே நினை என்று சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. அது ஆளின் வாயை அடைத்துவிடும். நினைப்பை எடுத்து இருவருமாகப் பார்ப்பதுதான் வழி. சில வருடத்துக்கு முன் கவ்வாத்து மலையில் (தேயிலைச் செடி வெட்டும் இடத்தில்) விழுந்து அப்பாவுக்குக் கால் முறிந்து, மாதக்கணக்கில் வீட்டில் இருந்தாராம்.

"அப்ப அப்பா பாரமா இருந்தாரா தம்பி?"

"அது வேற அக்கா."

"என்ன வேற?"

"அவரு சம்பாதிச்சுப் போட்டவரு."

"கொழும்புல இருந்து தங்கச்சி டியூஷனுக்கு மாசா மாசம் அனுப்புனது யாரு?"

பதில் வரவில்லை. வாரம் கழித்து அவராகவே எடுத்தார். அப்பாவிடம் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அப்பாவும் அப்போது செத்துப்போகலாம் என்று நினைத்தாராம். இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து இதைப் பேசியிருக்கிறார்கள். எந்தப் பதிவாலும் இதைச் செய்திருக்க முடியாது. மனசு எண் அன்றைக்குப் பிறகு 5க்கு மேல் போனது அபூர்வம்.

நடு இரவில் வந்த கேள்வி

குரலில் பேசாத ஒரு விஷயத்தை எழுத்தில் கேட்டார். நடு இரவில் வந்திருந்த செய்தி: "இந்த மருந்து போட்டா புள்ள பொறக்காதா." காலையில் பார்த்து, நல்ல கேள்வி, இதை டொக்டரிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று எழுதினேன். புற்றுநோய் மருந்துகள் விந்தணுவைப் பாதிக்கலாம், சிகிச்சை தொடங்குமுன்னே பேச வேண்டிய பேச்சு அது. இவரிடம் யாரும் பேசியிருக்கவில்லை. ஏ.பி.வி.டி மருந்தில் நிரந்தர மலட்டுத்தன்மைக்கான ஆபத்து குறைவு, பெரும்பாலானவர்களுக்குப் பின்னர் திரும்பிவிடும் என்று டொக்டர் அவருக்கு விளக்கினார். அந்தக் கேள்வியை ஒரு துண்டில் எழுதி நீட்டித்தான் கேட்டார், வாய் வரவில்லை. அம்மாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு டொக்டர் பேசியது பெரிய காரியம்.

காய்ச்சல்

மருந்து ஏற்றி ஒரு வாரம் கழிந்த ஓர் இரவில் வெப்பமானி 38.4 காட்டியது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்கள் அவை. 38 தொட்டாலே ஆஸ்பத்திரி, வீட்டில் பனடோல் போட்டுப் பார்ப்பது கிடையாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். கீமோ ஏற்றும் நோயாளி என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை பையில் இருந்தது. தோட்டத்து லொறியில் பெரிய ரோட்டுக்கு வந்து, 1990 என்ற இலக்கத்தில் கூப்பிட்ட அம்புலன்ஸில் போனார். சில நாள் நரம்பு வழி அன்டிபயோட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு அவர் சொன்னது அடுத்த நாள்தான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

நடக்காதவை

வேறு இரண்டு இளைஞர்களோடு ஒரு குழு அழைப்புக்கு முயன்றோம். கவரேஜ் அறுந்து அறுந்து வந்தது, அதைவிட யாரும் தன் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. கைவிட்டோம். அத்தை சொன்ன கோடாங்கி விஷயத்தில் நாங்கள் சண்டைக்குப் போகவில்லை. பூசை வைக்கட்டும், விபூதி பூசட்டும், குடிக்கக் கொடுக்கும் எதையும் டொக்டரிடம் கேட்காமல் குடிக்கக்கூடாது என்ற ஒன்றை மட்டும் அப்பாவிடம் வாங்கிக்கொண்டோம். லயத்துக்கு உண்மை இன்னும் தெரியாது. தலைமுடி உதிர்ந்ததற்கு மொட்டை போட்ட நேர்த்திக்கடன் என்று சொன்னார்கள். அதை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு மட்டும், தம்பி கேட்டுக்கொண்டபடி, நோயின் பெயரை நான் தமிழில் சொன்னேன். "எனக்குத் தெரியும் மிஸ், அவன் சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார்.

தம்பி தேறியதில் எவ்வளவு மாத்திரை மாற்றத்தால், எவ்வளவு பயிற்சியால், எவ்வளவு அடுப்படிப் பேச்சால் என்று ஒரு ஆளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது

கடைசி மருந்து ஏறி முடிந்த மாதம் மனசு எண் மறுபடி ஏறியது. வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருந்த நேரம் அது. சிகிச்சை முடியும் காலம் பலருக்கு இப்படித்தான். அதுவரை பதினான்கு நாளுக்கு ஒரு தரம் யாரோ பார்த்தார்கள், இனி யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற பயம். நான் அழைப்பை நிறுத்தாமல் மாதத்துக்கு ஒன்றாகத் தொடர்ந்தேன். சிகிச்சை முடிவு ஸ்கேனில் நோயின் தடயம் தெரியவில்லை. இப்போது குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒரு தரம் கிளினிக். கொழும்புக்குத் திரும்பவில்லை, ஹட்டனில் ஒரு கடையில் நிற்கிறார். முதலாளியிடம் சொல்லவில்லை, சொல்வதா வேண்டாமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தினசரி எண்களை நிறுத்திவிட்டார். கிளினிக் நாளுக்கு முந்தைய வாரம் மட்டும் அனுப்புகிறார், ஏனென்றால் அந்த வாரத்தில்தான் கழுத்தைத் தடவித் தடவிப் பார்க்கிற பழக்கம் திரும்புகிறது. நான்காவது எண் இரண்டு இரவு தொடர்ந்து 4க்குக் கீழே வந்தால் அவர் கேட்காமலே நான் எடுப்பேன் என்று பேசி வைத்திருக்கிறோம்.